முன் இருக்கையின் சூடு

"இந்தக் குளிருக்குள்ள பிள்ளையையும் கொண்டு எங்கயடி போவாய்?"

போன வருடம் அவள் கணவன் கேட்டான். சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

இப்போது பனி கார்க் கண்ணாடியை மூடிக்கொண்டிருந்தது.

பூட்டிய கடையொன்றின் வாகனத் தரிப்பிடம். விளக்கு எட்டாத மூலையாகப் பார்த்து நிறுத்தியிருந்தாள்.

பின் இருக்கைகளை மடித்து, போர்வையை விரித்து, மயூரியைக் கிடத்தினாள். காலுறைக்கு மேல் காலுறை. அது போதாதென்று தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, குழந்தையின் பாதங்களில் மாட்டினாள்.

ஹீட்டரை நிறுத்திவிட்டாள்.

மின்சாரக் கார். ஓடுவதற்கும் சூட்டுக்கும் ஒரே பற்றரி. விடிந்ததும் மொன்றியலில் இருக்கும் தங்கச்சி வீடுவரை அது தாங்க வேண்டும். வழியில் எங்கும் நிற்க அவளுக்குப் பயம்.

புறப்படும்போதே கைத்தொலைபேசியின் சிம்மைக் கழற்றிப் பனிக்குள் எறிந்திருந்தாள். அவன் இனித் தேடட்டும்.

மூச்சு கண்ணாடியில் படிந்து உறைந்தது. மகளின் முதுகை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மெல்லிய உறுமல்.

திரையில் வெளிச்சம் வந்தது. அவள் எதையும் தொடவில்லை.

இளஞ்சூடான காற்று முகத்தில் பட்டது. எட்டி முன் இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் ஓட்டும்போது அவள் உட்காரும் பக்கம். அது மட்டும் சூடாகிக்கொண்டிருந்தது.

காலையில் கட்டிலில் கிடந்தபடியே அவன் தன் தொலைபேசியை அழுத்துவான். அவர்கள் படியிறங்குமுன் கார் சூடாகியிருக்கும். அவள் இருக்கையும்தான். கார் எங்கே நிற்கிறது என்பதும் அதே தொலைபேசியில் தெரியும்.

அவள் சிம்மை மட்டுந்தான் எறிந்திருந்தாள்.

ஹீட்டரை அணைத்தாள்.

உறுமல் நின்றது. காருக்குள் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு, தானாகவே, மறுபடி தொடங்கியது.

மயூரி கண் திறக்காமல் சிரித்தாள்.

"அம்மா, அப்பா சூடு போட்டிட்டார். வாறாரோ?"

எங்கே ஓட்டிப் போனாலும் கார் அவனுக்குச் சொல்லிவிடும்.

வீதிக்கு அப்பால், எரிபொருள் நிலையத்தின் கண்ணாடிக்குள் யாரோ நடமாடுவது தெரிந்தது. நடுவில் முழங்கால் அளவு பனி.

கதவைத் திறந்தாள். உள்ளே விழுந்த பனி, சூட்டில் உடனே கரைந்தது.

குழந்தையைப் போர்வையோடு வாரி எடுத்தாள். கதகதத்துக் கிடந்த காரை விட்டு இறங்கி நடந்தாள்.