உடும்புப்பிடி

மாட்டுத் தரகர் பொங்கியண்ணன் கையைப் பிடித்தால் விடமாட்டார் என்று சந்தை முழுக்கப் பேச்சு.

அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கத்தான் டாக்டர் ஏசுரத்தினம் மாடு வாங்க வந்தவர் போல் நின்றுகொண்டிருந்தார். வேஷம் அவ்வளவாகப் பொருந்தவில்லை. வேட்டியில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை.

காலையில் பாலக்காட்டுச் சித்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வசவு வாங்கியிருந்தார். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "எறங்கு சாறே, வண்டி போகண்டே?" என்று கண்டக்டர் கத்தினான். படித்தவர்களுக்கு உடம்பு ஓரிடம், நினைப்பு ஓரிடம்.

அவர் கோயம்புத்தூரில் நரம்பு மருத்துவர். இறுக்கிய தசை சட்டென்று தளராத ஒரு நோயைப் பற்றி ஆராய்ச்சி. அது ஒரே குடும்பத்துக்குள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது. சின்னக்கானல் எஸ்டேட்டில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கீழே போட முடியாமல் தவித்த ஒருவனைப் பார்த்தார். ஆனைகட்டியில் கிணற்றுக் கயிற்றை விட முடியாத ஒருத்தியைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பூர்வீகம் இந்தக் கிழக்குப் பாலக்காடுதான்.

வேர் இங்கே எந்த வீட்டில் இருக்கிறது? அது தெரியாமல் அவருக்குத் தூக்கமில்லை.

போன வாரம் பொங்கியண்ணன் வீட்டுக்கே போனார். அவர் இல்லை. மனைவி கமலாத்தாள் வாசலோடு அனுப்பிவிட்டாள். "எங்கூட்ல ஆருக்கும் சீக்கு இல்லீங்க. கட்டிக் குடுக்கப் பொண்ணு இருக்குது. போயிட்டு வாங்க."

மிச்சமிருந்த வழி சந்தைதான்.

சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கை கோத்து, விரலை அழுத்தித்தான் பேரம். உள்ளே நடப்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும்.

பொங்கியண்ணன் கை விடாததைத் தரகுச் சாமர்த்தியம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். விலை படியாமல் விடமாட்டாராம். உடும்பு என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். டாக்டருக்கு மட்டும் சந்தேகம்.

மார்கழிக் காற்று கணவாய் வழியாக வந்து விரலை விறைக்க வைத்தது. குளிரில் இந்த நோய் ஒளிந்துகொள்ள முடியாது. அதற்காகவே அவர் மார்கழியில் வந்திருந்தார்.

"மயிலைக் காளைங்களா?" என்று பொங்கியண்ணன் துண்டை விரித்தார்.

கைகள் உள்ளே போயின. தரகர் விரல்களை அழுத்தினார். டாக்டர் வேண்டுமென்றே பதிலுக்கு இறுக்கினார், அவரும் இறுக்கட்டும் என்று. தரகரும் இறுக்கினார். இனி விட்டால் தெரிந்துவிடும்.

பிடி விடவில்லை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உடும்பு புடிச்சிருச்சுடோய்!"

பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

"ஏனுங்க, எங் கைய நான் அப்பவே உட்டுட்டனுங்க. விடியக் காத்தாலயிருந்து பேரம் பேசிச் சூடேறுன கை. உங்க கைதான் உடமாட்டேங்குது."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யாருக்கும் கை கொடுக்காமல், கும்பிட்டுக் கும்பிட்டே தன் நோயை மறைத்து வைத்திருந்தார். இன்றைக்கு ஆர்வத்தில் மறந்து போயிற்று.

துண்டுக்கடியில் பொங்கியண்ணனின் இடது கையும் வந்தது. அது மெல்லத் தேய்த்துவிட்டது.

"பதறாதீங்க. சூடேறுனா உட்டுரும். எங்கூட்ல எல்லாத்துக்கும் இப்படித்தானுங்க." குரல் இன்னும் இறங்கியது. "நீங்க ஆரு ஊட்டுப் புள்ளைங்க?"

ஏசுரத்தினம் எந்த நோயாளியிடமும் முதலில் கேட்கிற கேள்வி அது. மிஷன் அநாதை இல்லத்தின் வாசலில் கிடந்து, அங்கேயே வளர்ந்த அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதில் தேடித்தான் இத்தனை மலை ஏறி இறங்கியதும்.

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

அவர் கையை எடுக்கவில்லை.