வீட்டாரின் கருத்து

பதினெட்டு வருடமாக டென்மார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் மற்றவர்களின் மலம் துடைக்கிறேன். ஒருநாளும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை.

மகளின் வகுப்பாசிரியை எமிலியா கணினித் திரையை என் பக்கம் திருப்பியபோது வந்தது.

திரையில் துவாரகாவின் படம். பக்கத்தில் பச்சை வட்டம், மஞ்சள் வட்டம், சிரிக்கிற முகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு கற்றல் திட்டம் இணையத்தில் இருக்கிறதாம். பிள்ளை, பள்ளிக்கூடம், வீடு என்று மூன்று பகுதியும் அதில் எழுத வேண்டுமாம்.

பொறுமை எழுபது வீதம். கைவினை தொண்ணூறு வீதம்.

சீ! பெற்ற பிள்ளையா, சந்தையில் கட்டிவைத்த மாடா?

கடைசி வரியில் அவளுடைய விருப்பம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் தச்சுத் தொழிற்கல்வி.

தச்சுவேலை! ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போவாள், அங்கிருந்து மருத்துவம் படிக்கப் போவாள் என்று போன மாதம் ஹேர்னிங் நகரில் ஒரு பெண்பிள்ளைக்கு நடந்த சாமத்தியவீட்டுச் சடங்கில் மேசை மேசையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வந்திருந்த தவராஜா அண்ணை எழும்பி நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எங்கட ஆக்கள் செய்யிற தொழிலோடி உது?” என்று முன்பே வீட்டில் கேட்டதற்கு, டெனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பாவுக்கு வேலை என்று சொல்லி இரண்டு வருடமாக ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிடாதவள், இன்றைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று நின்றாள். விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் அது போகாது. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத்தான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன்.

எமிலியா பூரித்துப்போய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

“உங்களைப் போல எழுதுகிற தகப்பன் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே இல்லை.”

நான் என்ன மண்ணாங்கட்டியை எழுதினேன்?

‘வீட்டாரின் கருத்து’ என்று ஒரு பகுதி. இரண்டு வருடமாக மாதம் தவறாமல் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே குணசேகரம் என்று என் பெயர். எமிலியா அதிலிருந்து வாசித்துக் காட்டத் தொடங்கினாள்.

‘துவாரகா குளியலறைக் கதவைக் கழற்றி, பிணைச்சலைத் திருத்தி, திரும்பவும் தானே பொருத்தினாள். பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையாக இருந்தது.’

கதவைத் திருத்தியது உண்மை. நான் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்மை. கையை வெட்டிக்கொண்டு நிற்கப்போகிறாய், பேசாமல் போய்ப் படி என்று கத்தினேன்.

பள்ளிக்கூடத்தின் புளுகு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லாததை எழுதித் தகப்பனின் தலையில் கட்டுகிற கூட்டம். பேச வாயைத் திறந்துவிட்டேன்.

பக்கத்துக் கதிரையில் துவாரகா தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பிய்த்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் வீட்டுக்கு வருகிற நகரசபைக் கடிதம், வங்கிக் கடிதம், டொக்டர் நேரம் எல்லாவற்றையும் பத்து வயதிலிருந்து அவள்தான் பார்க்கிறாள். எல்லாம் இணையத்தில்தான் வரும்; அதற்குள்ளும் பள்ளிக்கூடப் பக்கத்துக்குள்ளும் நுழைகிற, கையெழுத்துக்குப் பதிலான மிட்ஐடி செயலி என் போனில்தான் இருக்கிறது. ஆறு இலக்கக் குறியீட்டை ஒருமுறை அவளிடம் சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன். இங்கே பாதித் தமிழ் வீடுகளில் இதுதான் நடக்கிறது.

அடி கள்ளி! என் பெயரிலேயே இரண்டு வருட நாடகம்.

எமிலியா அடுத்ததை வாசித்தாள்.

‘நான் முதியவர்களைத் தூக்கிக் கழுவி, உடுப்பு மாற்றிவிடுகிறேன். கையால் செய்கிற எந்த வேலையும் எனக்குக் கீழானது இல்லை. என் மகளும் அப்படி நினைக்கக் கூடாது.’

ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். பதினெட்டு வருடமாக அப்படித்தான் சொல்கிறேன். போனில் யாராவது கேட்டால் அப்படியே சொல்லவேண்டும் என்று துவாரகாவையும் பழக்கி வைத்திருக்கிறேன்.

திரையில் இருந்த குணசேகரம் நல்ல மனிதன். கதிரையில் இருந்தவனை நினைக்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

எமிலியா பக்கத்தைக் கீழே இழுத்தாள். ‘பெற்றோர் சம்மதம்’ என்று ஒரு கட்டம். முழுத் திட்டத்திலும் அது ஒன்றுதான் வெறுமையாக இருந்தது.

மூன்று கிழமையாக அது திறந்தே கிடக்கிறது, நான்கு தரம் நினைவூட்டல் அனுப்பினோம், இவ்வளவு எழுதுகிறவர் இதை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள்.

அந்த நான்கு நினைவூட்டலும் துவாரகாவின் கையில்தான் கிடைத்திருக்கும். ஆறு இலக்கத்தை அடித்திருந்தால் போதும். எனக்கும் தெரிந்திராது, எமிலியாவுக்கும் தெரிந்திராது. என் பெயரில் இத்தனை பொய் எழுதினவள், இதில் மட்டும் கை வைக்கவில்லை. இதற்காகத்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

போனை எடுத்தேன். குறியீட்டைக் கேட்டது. எமிலியாவுக்குத் தெரியாமல் மேசைக்குக் கீழே மகளிடம் நீட்டினேன்.

“நீயே போடு” என்றேன். சம்மதத்தைக்கூட அவள் கையால் கொடுக்கப் பார்த்த என்னை என்னவென்று சொல்வது?

அவள் வாங்கவில்லை.

வீட்டில் நான் எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்கிறவள், தமிழில் மெல்லச் சொன்னாள்.

“நீங்களே அடியுங்கோ அப்பா. நான் இலக்கத்தைச் சொல்லுறன்.”

ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐந்து இலக்கம் அடித்துவிட்டு ஒருதரம் நின்றேன். பிறகு ஆறாவதையும் அடித்தேன்.