இனி மேக்கிலும்

இடம் போதவில்லை என்றது கணினி.

பழைய குறும்படம் ஒன்றின் ஒலிக்கோப்புகளை அழித்தான். அந்தப் படத்தின் இயக்குநரே அதை மறந்திருப்பார்.

மறுபடி 'நிறுவு' என்பதை அழுத்தினான்.

முதலில் இயங்குதளத்தைப் புதுப்பிக்கச் சொன்னது.

பல்லைக் கடித்தான். மேசையில் அலைபேசி ஒளிர்ந்தது. மதுரையிலிருந்து தங்கை.

"ஊசி குத்தியாச்சு. வர்றியா இல்லையா?"

லோசனிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் போய்ப் படுத்தால் மதியம்தான் எழ முடியும். ஊசி ஏறிய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடக்கும். அந்தக் கையால் லேப்டாப்பில் ரிவர்ஹோல்ட் விளையாடுவாள்.

ஆன்லைன் விளையாட்டு. ஒரு காடு, ஒரு ஆறு, ஓநாய்கள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒன்றுசேர்ந்து மரம் வெட்டி வீடு கட்டுவார்கள்.

அங்கே யாரும் அவளிடம் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்பதில்லை.

அண்ணனையும் கூப்பிட்டாள். அவனிடம் இருந்தது மேக் கணினி. சென்னையில் ஒலித்தொகுப்பு வேலைக்காக வாங்கியது. அந்த விளையாட்டு அதில் வராது. விண்டோஸ் மாதிரி பாவனை செய்யும் ஒரு மென்பொருளுக்குள் போட்டு ஓட்டிப் பார்த்தான்.

ஓடவில்லை. தவழ்ந்தது.

அவன் ஒரு எட்டு வைப்பதற்குள் ஓநாய் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கும்.

"செத்துட்டியாண்ணே?"

"செத்துட்டேன்."

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு.

இன்றைக்குத்தான் மேக்குக்கென்றே செய்த பதிப்பு வந்திருந்தது. பாவனை வேண்டாம், இடையில் எதுவும் வேண்டாம், நேராக ஓடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நேராக.

திரையில் கோடு நகர்ந்தது. நின்றது. மீதி நேரம் குறைந்தது. பிறகு கூடியது.

எழுந்து போய்க் காபி போட்டான். குடிக்காமல் வைத்தான்.

சித்திரையில் டாக்டர் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார். அப்பா இல்லை. என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். அம்மாவுக்குச் சர்க்கரை. ஆகாது என்றார் டாக்டர். பிறகு அவனைப் பார்த்தார்.

"பார்க்கலாம் சார்" என்றான்.

இப்போது ஆடி.

லோசனி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். வேலை. லீவு. எப்படியும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். பயம்.

கணினி இருண்டு, திரும்ப எழுந்தது.

மைக்குக்கு அனுமதி கேட்டது. கொடுத்தான். விசைப்பலகைக்கும் கேட்டது. கொடுத்தான். கடவுச்சொல் கேட்டது.

தவறு.

மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

தவறு.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான். புதுக் கடவுச்சொல் போட்டான். பழையதைப் போல இருக்கக் கூடாது என்றது. எந்தப் பழையது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

கடைசியாக உள்ளே விட்டது. அவள் இருக்கும் காட்டைத் தேர்ந்தெடுத்தான்.

பதிப்புகள் பொருந்தவில்லை.

அவளை அழைத்தான். "உன்னோடது பழசு லோசனி. அப்டேட் போடு."

"ஆஸ்பத்திரி வைஃபைலயா? அது முடியறதுக்குள்ள என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

ஆனாலும் போட்டாள். அவள் முணுமுணுப்பது இங்கே வரை கேட்டது.

மூன்றாவது முயற்சியில் காடு திறந்தது.

இலை அசைந்தது. ஆறு ஓடியது. அவன் காலை எடுத்து வைத்தான். கால் உடனே நகர்ந்தது. மேடு ஏறினான். எதுவும் திணறவில்லை.

கரையில், பாதி கட்டிய வீட்டின் முன்னால் அவள் நின்றாள்.

"அட, நடக்குறியேண்ணே" என்றாள் ஹெட்போனில். அவள் குரலுக்குப் பின்னால் டயாலிசிஸ் இயந்திரம் சீராக உறுமிக்கொண்டிருந்தது. ஒலி அவன் தொழில். வேண்டாத சத்தத்தைப் பிரித்து ஒதுக்கத் தெரியும். இதை ஒதுக்க முடியவில்லை.

புதரிலிருந்து ஓநாய் வந்தது. அவன் கோடாலியை ஓங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினான். போய்ச் சேர்வதற்குள் அவள் ஒற்றைக் கையால் அதை முடித்திருந்தாள்.



"அண்ணே. ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னு சொல்லக் கூடாது."

மவுஸின் மேல் அவன் கை நின்றது.

"கேளு."

"அந்தக் கோடாலிய எங்கிட்ட குடு. உனக்கு வெட்டவே வரல. கூரைக்கு மரம் வேணும்."

கொடுத்தான்.

அவள் வெட்ட ஆரம்பித்தாள். ஒரு மரம் சாய்ந்தது. இன்னொன்றுக்குப் போனாள். அவன் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடுத்து எப்போ?"

"வியாழக்கிழமை. சீக்கிரம் வந்துருண்ணே. இன்னைக்கு மாதிரி பாதியில வராத."

"இதுல இல்ல. மதுரைக்கு வர்றேன்."

கோடாலிச் சத்தம் நின்றது.

"டெஸ்ட்டுக்குச் சாப்பிட்டுட்டு வரலாமா, கூடாதா?" என்றான். "டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு."



கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

"வெறும் வயித்துல வரணும்" என்றாள்.