முப்பது முட்டை

"ஒயர புடுங்கியாச்சு நைனா. இனிமே உன் வண்டிய எவனாலயும் புடிக்க முடியாது!"

லாரியிலிருந்து குதித்த எலக்ட்ரீஷியன் சண்முகசுந்தரம், ஒரு துண்டு ஒயரை டிரைவர் சரணின் கையில் வைத்தார். எண்பதுக்கு மேல் போகவிடாமல் லாரியைப் பிடித்து வைத்திருந்த கவர்னர் கருவியின் ஒயர் அது. தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டும்போது மாட்டுவதும், காட்டி முடித்ததும் பிடுங்கி விடுவதும் குமணன்சாவடியில் பழகிப்போன வேலை.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் இருந்த நாகப்பன் தலையை ஆட்டினார். முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர். அவர் வண்டியில் கவர்னர் போட்டது போட்டபடியே இருந்தது.

"இன்னாத்துக்குடா இது? நீ நூறுல போ, நான் எண்பதுல வரேன். டோல்கேட் கியூல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நிப்போம்."

"உனுக்கு இன்னா அண்ணாத்தே, சொந்த வண்டி" என்றான் சரண். "நான் நாலு மணிக்குள்ள ஓசூர் கம்பெனி கேட்டுல நிக்கணும். ஏற்கெனவே ரெண்டு வாட்டி லேட்டு. இன்னிக்கும் லேட்டானா சாவிய குட்துட்டு ஊட்டுக்குப் போன்னுட்டாரு முதலாளி. ஊட்ல பொண்டாட்டி நிஷாவுக்கு இது எட்டாம் மாசம். வேல போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"நேரம் வேணும்னா வெள்ளன கெளம்பணும்பா. ஆக்சிலேட்டர மிதிச்சா நேரமா வரும்?"

"ஓவர்டேக் பண்ணும்போது பாதியில எண்பதுல முட்டிக்கினு நிக்குமே, அது ஆபத்தில்லியா?"

"அப்ப ஓவர்டேக் பண்ணாத!"

"யோவ் நாகப்பா, ஏன்யா என் பொழப்புல மண்ண அள்ளிப் போடற?" என்றார் சண்முகசுந்தரம். பெஞ்சே சிரித்தது.

டீக்கடைக்காரி தாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்லாவுக்கு மேலே காக்கிச் சட்டையில் அவள் புருஷனின் படம். அவரும் லாரி ஓட்டியவர்தான். வாலாஜாவுக்கு இந்தப் பக்கம் நடந்த விபத்தில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. படத்துக்குப் பூ வைத்துவிட்டு உள்ளே போனவள், துணியால் மூடிய தட்டு ஒன்றோடு வெளியே வந்தாள்.

"சரணு, ஒரு ஒத்தாசைப்பா. இதுல முப்பது முட்ட கீது. சுங்குவார்சத்திரத்துல முட்டக் கட வெச்சிகீதே அனுசுயா, அதான்ட குட்துடு."

"அக்கா, இன்னிக்கா..."

"போற வழிதானடா. நேத்து நான் எட்துகினு போனேன், ஒண்ணுகூட ஒடையல" என்றார் நாகப்பன்.

சரணுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நிஷா சோறு பார்த்தாலே வாந்தி எடுத்த மாதங்களில், தினம் ஒரு தூக்கில் மிளகு ரசம் கொடுத்து அனுப்பியவள் தாயம்மா.

"பாத்துப் போப்பா. ஒடைஞ்சிரப் போவுது" என்று அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். மிச்சத்தைத் தட்டின் மேல் தூவினாள்.

"முட்டைக்குமா துன்னூறு?" என்று நாகப்பன் சிரித்தார்.

தட்டைப் பக்கத்து சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டால் சுற்றிக் கட்டிவிட்டுச் சரண் கிளம்பினான்.

பூந்தமல்லி தாண்டியதும் சாலை காலியாக விரிந்தது. மிதித்தான். முள் எழுபதைத் தொட்டது. ஒரு சின்னப் பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் தட்டும் குலுங்கியது. காலை எடுத்துவிட்டான். ஐம்பத்தைந்து. பஸ்ஸும் காரும் ஹாரன் அடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போயின. "போங்கடா, முட்ட கீது" என்று முணுமுணுத்தான்.

ஸ்ரீபெரும்புதூரை நெருங்கும்போதுதான் அது நடந்தது. நடுத்தடுப்பின் இடைவெளியிலிருந்து ஒரு மொபெட் குறுக்கே வந்தது. ஓட்டியவர் வயசாளி. பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. லாரியைப் பார்த்த பதற்றத்தில் மொபெட் நடுச்சாலையிலேயே நின்றுவிட்டது.

முட்டைக்காக மெதுவாகப் போன வண்டி, பிரேக்கை மிதித்ததும் நின்றது. மொபெட்டுக்கும் லாரிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது.

சரண் முதலில் தட்டைத்தான் பார்த்தான். அப்புறம்தான் அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்தான். நூறில் வந்திருந்தால் என்று நினைத்ததும் எஞ்சினை அணைத்தான். "முருகா" என்றான். அவர்கள் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ஓரம் சேரும்வரை வண்டியை எடுக்கவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் மணி பார்த்தான். வழக்கத்தைவிடக் கால் மணி நேரம்தான் கூட ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே முடித்துக்கொண்டால் நாலு மணிக்கு முன்னாலேயே ஓசூர் போய்விடலாம்.

அனுசுயா தட்டை வாங்கித் துணியை விலக்கினாள்.

"முப்பதும் முழுசா கீதுக்கா. எண்ணிக்கோ" என்றான் சரண், பெருமையாக.

அவள் எண்ணவில்லை. ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினாள். "ஐயோ, அக்கா!" என்று அவன் பதறுவதற்குள் ஓட்டை உரித்து, மிளகுத்தூள் தூவி, அவித்த முட்டையை அவன் கையில் வைத்தாள்.

"துன்னுப்பா. இத நீ உருட்டிகினே வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்ப தாயம்மாக்கா எதுக்கு ஒடைஞ்சிரும்னு..."

"நாகப்பண்ணன் வண்டியில பச்ச முட்டதான் வரும்" என்றாள் அனுசுயா. "ஒயர் புடுங்கின வண்டின்னா மட்டும், தாயம்மாக்கா அவிச்சு அனுப்பும்."