தலைமாட்டுச் செம்பருத்தி

ஆற்றின் இரு கரைகளையும் ஆண்ட இரண்டு பேரரசுகளும் பொது எதிரியோடு கூட்டுச் சேர்ந்து போரிட்டபோது, இக்கரை ஏசாயாவின் மகன் அந்தக் கரையில் செத்தான், அக்கரை லேயாவின் மகன் இந்தக் கரையில். புதைத்ததும் அங்கங்கேயே. அவர் மகனின் கல்லறைக்கு அவள் காவல், அவள் மகனுடையதற்கு அவர். போன மாதம்கூட எழுதியிருந்தாள்: ‘உங்க பிள்ளை தலைமாட்டுல செம்பருத்தி பூத்திருக்குண்ணே.’

இன்று டிராக்டரோடு வந்த அதிகாரி, “கூட்டு முறிஞ்சுபோச்சு. எதிரிக்கு நம்ம மண்ணுல இடமில்ல. இந்தக் கல்லறை மொத்தத்தையும் உழுதுடு” என்றார்.

“போன வாரம் இவங்களுக்குத்தானே சல்யூட் அடிச்சீங்க?”

“அங்கேயும் இதே உத்தரவுதான் போட்டிருப்பாங்க. ஏறுய்யா.”

ஏசாயா ஏறி ஓட்டினார். லேயாவின் மகன் தலைமாட்டுக்கு வந்ததும் எஞ்சினை அணைத்தார். அக்கரையிலும் ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. தன் மகன் தலைமாட்டில் லேயாவும் அதை நிறுத்துகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.