பேனரின் கீழ் வரி

தையல்கார அக்கா பிளேடால் பேனரின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியில் தைத்திருந்த பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று அவள் காலடியில் விழுந்தன.

பெற்றோர் சங்கத் தலைவி கடை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். "உங்க தையல்கார அக்கா கட்சி மாறிட்டாங்க போல. நேத்து லாரி ஷெட்ல ஓனர்கிட்ட நின்னு பேசிட்டிருந்தாங்க, டீ வேற குடிச்சாங்க" என்று பேப்பர் கடைக்காரம்மா சொன்னபோது அவள் நம்பவில்லை. இப்போது கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது.

"அப்போ கேள்விப்பட்டது நிஜம்தானா அக்கா?"

அக்கா நிமிர்ந்தாள். பக்கத்து ஸ்டூல் மேல் கிடந்த துணிகளை ஒதுக்கி, கையால் தூசியைத் தட்டிவிட்டாள். "முதல்ல உட்காருங்க."

"உட்கார வரலை. நேத்து லாரி ஷெட்டுக்குப் போனீங்களா, இல்லையா?"

"போனேன்."

கொஞ்சம் தயங்கியிருந்தால்கூடத் தலைவிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் முன்பு வரை, இந்தக் கடைக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூட வாசலில் லாரிகள் எஞ்சினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே போவார்கள். தலைவியின் மகனுக்கு மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் சங்கம் தெருவில் இறங்கியது.

அன்று லாரிக்குக் குறுக்கே முதலில் போய் நின்றது இந்த அக்காதான். அவள் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்து டிரைவர், "என்னம்மா, லாரிக்கு அளவெடுக்க வந்தியா?" என்று கிண்டல் செய்தான்.

"ஆமாண்ணே. புகைக் குழாய்க்கு ஒரு உறை தைக்கணும். எஞ்சினை அணைச்சாத்தானே சரியா அளவெடுக்க முடியும்?" என்றாள் அக்கா.

தெருவே சிரித்தது. எஞ்சின் அணைந்தது.

பேனரையும் அவள்தான் தைத்தாள். சீருடை தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளை எழுத்தாக வெட்டி, கூலி வாங்காமல் தைத்தாள். தலைவி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இனிமே மேடம்னு கூப்பிடாதீங்க அக்கா. நான் உங்க தங்கச்சி" என்றாள்.

பிறகு ஒருநாள் போக்குவரத்து அதிகாரி வந்தார். "லாரியை வேற வழியில திருப்பி விட்டுடறோம்" என்றார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்" என்று தலைவி கைகூப்பினாள். மறுநாள் பள்ளியில் எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். பேனரை அக்காவிடமே கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள்.

அந்தப் பேனர்தான் இப்போது அவள் மடியில் சிதைந்துகொண்டிருந்தது.

"என் பையன் இப்பதான் கொஞ்சம் ஓடி விளையாடறான். லாரி திரும்ப வந்தா அவன் கதி என்னக்கா?" தலைவி ஓர் அடி உள்ளே வந்தாள். "யார் போனாலும் நீங்க போவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை. அப்படி என்னதான் கொடுத்தாங்க உங்களுக்கு?"

அக்காவின் கை நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

அந்தச் சின்னப் பெண் விழுந்த எழுத்துகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்து, போட்டிருந்த காப்பிக் கலர் சீருடையை இன்னும் மாற்றவில்லை. அவளுக்குப் பின்னால், எதிர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தைத்து முடித்த பச்சைச் சீருடைகள் அடுக்கியிருந்தன.

பெரியவர்களின் சத்தம் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். "குடிங்க ஆன்ட்டி."

குழந்தை நீட்டிய டம்ளரைத் தள்ளத் தலைவிக்கு மனம் வரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் கோபத்தை அணைத்துவிடாது. ஆனாலும் அது தொண்டையில் இறங்குகிற நேரம், மனிதர்கள் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள்.

அப்போதுதான் அவள் பேனரைச் சரியாகப் பார்த்தாள். 'பிள்ளைகள் மூச்சு விடட்டும்' என்ற மேல் வரியில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. கீழ் வரியில் இருந்த பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் காணவில்லை.

"எங்க ஸ்கூல் பேரை மட்டும் எதுக்குக்கா எடுத்தீங்க?"

அக்கா மகளை அருகில் இழுத்து, சீருடையில் ஒட்டியிருந்த பச்சை நூலைத் தட்டிவிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"லாரியெல்லாம் இப்ப இவ பள்ளிக்கூட வாசல்லதான் நிக்குது, மேடம்."