அக்கா அனுப்பிய காயின்

அக்கா படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், தம்பி தன் புது ஃப்ரிட்ஜின் மேல் பழைய போர்வையை இழுத்து மூடினான். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் தள்ளினான். அப்புறம்தான் கதவைத் திறந்தான்.

எதற்கு வந்திருப்பாள் என்று அவனுக்குத் தெரியும்; மறுபடியும் பண உதவி கேட்கத்தான். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது அவன் வேலை. மாமாவின் கண்ணில் புரை வளர்ந்திருப்பதை முதலில் சொன்னவனே அவன்தான்.

ஆபரேஷனுக்கு உதவி கேட்டபோது மட்டும், "கிரிப்டோ காயின் விலை கவுந்துடுச்சுக்கா, போட்டதெல்லாம் போச்சு" என்று கையை விரித்துவிட்டான். விலை கவிழ்ந்தது உண்மை. கவிழ்ந்த பிறகும் பத்து ஆபரேஷனுக்குத் தேறும் என்பதை விழுங்கிவிட்டான். அக்கா தன் எம்பிராய்டரி மெஷினை விற்று ஆபரேஷனை முடித்தாள்.

"மாமா எப்படிக்கா இருக்காரு?"

"கட்டுப் பிரிச்சாச்சு. முதல்ல என்னைத்தான் பார்த்தாரு. 'உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா'ன்னு கேட்டாரு. மறுபடியும் கட்டிவிட்டுடலாமான்னு தோணுச்சு."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவள் மூலையைப் பார்த்தாள். "அது என்னடா?"

"அழுக்குத் துணிக்கா. மூட்டை கட்டி வச்சிருக்கேன்."

"மூட்டை முனகுதே?"

"கீழ் வீட்டு மோட்டார்க்கா."

அவள் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

"இப்ப நான் கையாலதான் பூவேலை போடறேன். கடல் தாண்டி ஒரு அம்மா வாங்கறாங்க. பேங்க் வழியா அனுப்பினா கமிஷனே பாதியைத் தின்னுடுதுன்னு காயினா அனுப்பறாங்க. நான் போற கம்ப்யூட்டர் வகுப்புல கேட்டு, காயினை வாங்கி வச்சுக்க நானும் போன்ல ஒரு வாலெட் வச்சுக்கிட்டேன். அவங்க அனுப்பினா, நான் ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள வந்துடுது! நடுவுல பேங்கே இல்லையே, அப்போ கணக்கை யாருடா வச்சுக்கறாங்க?"

உதவிப் பேச்சு வராதவரை நல்லது என்று தம்பி உற்சாகமாக ஆரம்பித்தான். "எல்லாரும்தான்க்கா. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே கணக்கு ஓடும். ஒருத்தன் மாத்தி எழுதினா மத்ததெல்லாம் ஒத்துக்காது. எந்த முகவரியில எவ்வளவு இருக்குன்னு யார் வேணும்னாலும் திறந்து பார்த்துக்கலாம்."

"ஐயய்யோ, என் வருமானத்தை ஊரே பார்க்குமா?"

"பேரு இருக்காதுக்கா. முகவரிங்கறது வெறும் எழுத்தும் எண்ணும்தான். அது உன்னோடதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"சரி, ஆபத்து எதுல?"

"ரகசியச் சொல்லைத் தொலைச்சா பணத்தைத் தொலைச்ச மாதிரி. தப்பான முகவரிக்கு அனுப்பினா போனது போனதுதான். போய் அழறதுக்கு ஒரு மேனேஜர்கூடக் கிடையாது. விலையும் எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு..." என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், சட்டென்று நினைவு வந்து முகத்தைத் தொங்கப்போட்டான். "அதான் என் கதையைப் பார்த்தியே."

"அதுக்காகத்தான்டா வந்தேன்."

வந்துவிட்டது. மறுக்கும் வார்த்தைகளை அவன் மனதுக்குள் அடுக்கத் தொடங்கினான்.

"உன் வாலெட் முகவரியைக் குடு. கொஞ்சம் அனுப்பறேன். விழுந்தவனுக்குக் கைச்செலவுக்காவது வேணாமா?"

அவன் காது மடல் சுட்டது. "அதெல்லாம் வேண்டாம்க்கா."

"நீ வாயைத் திறந்து கேட்க மாட்டே. சின்ன வயசுலேயே பசிச்சாக்கூடச் சொல்ல மாட்டே, நானாப் பார்த்துத் தட்டை வைக்கணும். குடுடா."

வேண்டாம் என்று இன்னொரு முறை சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவன் வாலெட்டைத் திறந்தான். திரையிலிருந்த தொகை அவள் கண்ணில் படாதபடி கைபேசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முகவரியை அவளுக்கு அனுப்பினான்.

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கைபேசியின் மேல் குனிந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். நடுவில் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"வரலையாக்கா?"

"இருடா, சரிபார்க்கறேன். தப்பாப் போயிட்டா அழறதுக்கு மேனேஜர் இல்லைன்னியே."

ஒருவழியாக விரலை அழுத்தினாள். அவன் கைக்குள் கைபேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்தான். வந்திருந்தது கைச்செலவுக்கான தொகை இல்லை. அவள் ஒவ்வொரு பூவாகக் கையால் தைத்துச் சேர்த்ததில் முக்கால்வாசியாவது இருக்கும்.

"வரேன்டா. மாமாவுக்குச் சொட்டு மருந்து விடற நேரம்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தம்பி வெறுங்காலோடு பின்னால் ஓடினான்.

"அக்கா, நான் திருப்பி அனுப்பிடறேன்."

"வச்சுக்கோ."

"இல்லக்கா..." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகைப் பார்த்துத்தான் அவனால் பேச முடிந்தது. "என்கிட்ட எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நீ அனுப்பியிருக்கவே மாட்டே."

அக்கா நின்றாள். திரும்பவில்லை.

"பார்த்துட்டுத்தான்டா அனுப்பினேன்."